மட்டுறுத்துநரைத் தேடி வந்தவர்

மலைக்காரர்கள் எங்கள் மன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஏன் காணாமல் போகிறார்கள் என்பது ஒரு வருடமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து விவசாயிகள் இணையத்தில் பேசிக்கொள்ள நான் தொடங்கிய மன்றம் அது. சங்கராபுரத்துக்காரர்கள் அதில் நாள் முழுக்க வம்பளக்கிறார்கள். வெள்ளிமலைக்காரர்கள் மட்டும் பேர் பதிந்து, ஒன்று கேட்டு, அத்தோடு சரி. அப்படி என்ன ரோஷமோ என்று நானும் முறைத்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை என் ஜெராக்ஸ் கடைக்கு வெள்ளிமலையிலிருந்து ஒருவர் வந்தார். பேர் காசிநாதன். ஆதாருக்கும் சிட்டாவுக்கும் இரண்டிரண்டு நகல் கேட்டார். கையில் பாஸ்போர்ட் போட்டோ வேறு.

"இன்னாத்துக்குண்ணா?" என்றேன். என்னால் எதையும் கேட்காமல் இருக்க முடியாது.

"மட்டுறுத்துநர் ஆபீசுக்கும்மா. எங்க கீதுன்னு தாலுகா ஆபீசுல கேட்டேன். தெரியலன்றாங்க."

போனை நீட்டினார். எங்கள் மன்றம்தான். 'உங்கள் பதிவு மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.'

ஐயோ! நானே தமிழாக்கிய வரி. எழுதிய அன்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன், வெட்கங்கெட்டவள். கண்ட விளம்பரமும் நுழையாமலிருக்க, புதியவர்களின் முதல் ஐந்து பதிவுகளை ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே மற்றவர்களுக்குக் காட்டும் ஏற்பாடு. ஒப்புதல் என்றால் காகிதத்தோடு நேரில் போய் நிற்கவேண்டும். இவர் இதுவரை கண்டது அதுதானே! இவருக்கு முன்னால் எத்தனை பேர் இப்படி அலைந்தார்களோ.

"ஒண்ணர ஏக்கர் மரவள்ளிம்மா. மாவுப்பூச்சி உழுந்து நுனியெல்லாம் சுருட்டிக்கினு போவுது. இன்னா பண்றதுன்னு கேட்டு ஒம்பது நாளாவுது. ஐயா இன்னிக்கி இருப்பாரா?"

"ஐயா இல்லண்ணா. நான்தான் அது."

என்னையும் ஜெராக்ஸ் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயா?"

கல்யாண வீட்டுக்குப் போன நான் ஒன்பது நாளாக ஒப்புதல் பக்கத்தையே திறக்கவில்லை. அவசரமாகத் திறந்து அவர் கேள்வியை அனுமதித்தேன். அப்புறம் அந்த வரியின் மேல் ஆத்திரம் வந்தது. இன்றைக்கே அதைத் தூக்கிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

மென்பொருளின் சொற்றொடர்ப் பட்டியலில் 'ஒப்புதல்' என்று தேடினால் அறுபத்து மூன்று வரிகள்! முதலில் வந்ததை மாற்றினேன். காசிநாதன் தன் போனில் 'வணக்கம்' என்று ஒரு பதிவு போட்டுப் பார்த்தார்.

"அதேதான் நிக்குது."

நான் மாற்றியது மின்னஞ்சலில் போகிற வரியாம். இன்னொன்றை மாற்றினேன். அது என் திரையில் மட்டும் தெரிவது. இந்த மென்பொருளை எழுதினவன் என் எதிரில் இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். காசிநாதனுக்கோ சுவாரசியம் தட்டிவிட்டது. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பூரா வரியையும் அப்டியே போட்டுத் தேடேம்மா" என்றார்.

தேடினேன். ஒன்றே ஒன்று வந்தது. இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

"இதுல இன்னா போடலாம், நீங்களே சொல்லுங்கண்ணா."

"யாரு பாப்பாங்க, எப்ப பாப்பாங்க. அத்தப் போடு, போதும்."

அதற்குள் அவர் போன் சிணுங்கியது. சங்கராபுரம் ராஜாங்கம் பதில் போட்டிருந்தார். நாற்பது வருடம் மரவள்ளி போட்ட மனிதர். 'ஆரம்பத்திலேயே சுருண்ட நுனியைக் கிள்ளி எரித்தால் நின்றுவிடும். செடி முழுக்க ஏறிவிட்டால் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.'

காசிநாதன் அதை இரண்டு முறை படித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கேள்வி வந்த தேதியை மறுபடி பார்த்தேன். ஒன்பது நாள்.

அந்தப் பழைய வரியை அழித்துவிட்டுத் தட்டச்சு செய்தேன்: 'உங்கள் கேள்வி வந்துவிட்டது. எங்கேயும் போகவேண்டாம். இன்று மாலைக்குள் பார்க்கவேண்டியவள் கோகிலவாணி. பார்க்காவிட்டால் இந்த எண்ணில் கூப்பிட்டுத் திட்டுங்கள்.' கீழே என் செல் நம்பர்.

அவர் இன்னொரு 'வணக்கம்' போட்டார். புது வரி வந்தது. விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசி வரை படித்தார். பிறகு அந்த எண்ணை அழுத்தினார். மேசை மேல் என் போன் அடித்தது.

"எடும்மா" என்றார்.

எடுத்துக் காதில் வைத்தேன். "திட்டுங்கண்ணா."

இரண்டடி தள்ளி உட்கார்ந்தபடி, போனுக்குள்ளேயே சொன்னார்: "மேலண்டை மரவள்ளிக் கொல்லையில ஒரு செடி மிச்சமில்லம்மா. எல்லாத்துலயும் பூச்சி ஏறிப்போச்சு. கீழண்டைய நாளைக்கே கிள்ளிடறேன்."