கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா இருக்கு

“...இல்லக்கா, மறுபடியும் பொய் சொல்லுது. வண்டி நிறுத்த இடம் இருக்கான்னு கேட்டவர்கிட்ட, ‘கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா இருக்கு, லைன்லயே இருங்க’ங்குது. இதுவே கம்ப்யூட்டர்தானேக்கா!”

பொறியாளன் சிரித்தான், அவளும் சிரித்தாள், சிரிக்கும்போதே காது சூடானது, ஏனென்றால் அது அவளுடைய வரி, இந்த ஸ்கேன் சென்டரில் தொலைபேசியை எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சொல்லிவருவது, அவள் பேசிய அழைப்புகளைக் கேட்டுத்தான் இந்த ஏஐ பேசக் கற்றது, அலுவலகமே அதைச் ‘சின்னவ’ என்கிறது, அப்படியென்றால் மூத்தவள் யார், மூத்தவளைப் பார்த்துத்தானே சின்னவள் கெட்டுப்போவாள்... “டாக்டர் உங்களை நேர்ல பாக்கணும்னார்” என்றதும் மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்கும், அப்போது அழாதீங்க என்றால் கூசிப்போவார்கள், அதனால் பழியைத் தூக்கிக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிடுவாள், அது கோபித்துக்கொள்ளவா போகிறது, அவர்கள் அழுது முடித்துத் தொண்டையைச் செருமி “ம், சொல்லுங்கம்மா” என்பார்கள்... சின்னவள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள், நேரத்தை விட்டுவிட்டாள்.

“அந்த வரியை எடுத்துடவாக்கா? நாளைலேர்ந்து எல்லா காலும் இதுதான் எடுக்கப்போகுது. பொய் கூடாதுன்னு மேனேஜர் ஒரே பிடியா நிக்கறார்.”

“வேணாம் தம்பி, இருக்கட்டும். பாவம், பேசறவங்களுக்கு மூச்சு விட நேரம் வேணாமா?”

“அப்போ எப்ப சொல்லணும்னு சொல்லிக் கொடுக்கணுமே.”

அவர்கள் அழும்போது என்று சொல்ல வாயெடுத்தாள், ஆனால் காலையில் கூப்பிட்ட அந்தப் பெண் அழவே இல்லையே, கணவனின் ரிப்போர்ட் பற்றிக் கேட்டுவிட்டு, “சரிம்மா, அவருக்குப் பிடிச்ச நீலச் சட்டையைப் போட்டுக் கூட்டிட்டு வரேன்” என்றாள், திடமான குரல், மூச்சுகூடத் தடுமாறவில்லை, பிறகு அவளிடம் எதற்குக் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றேன்... மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அழுதது யார்? அப்படியென்றால் இத்தனை காலமும் அந்த ஒரு நிமிடத்தை யாருக்காகக் கேட்டு வாங்கினேன்... சின்னவளுக்குத் தொண்டை அடைக்குமா, அடைக்காது என்றால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம், எல்லோரிடமும் நின்று பார்க்கிறாளோ...

“அக்கா,” பொறியாளன் விசைப்பலகையில் விரல் வைத்தபடி அவள் முகத்தைப் பார்த்தான், இப்போது அவன் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு வரி போதும், நீங்க சொல்றதை அப்படியே எழுதிடறேன். எப்ப சொல்லணும்?”