தெரிந்தே அமுக்கிய கை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் கதவுத் தகடு அடிக்க இரண்டு பிரஸ் இருந்தன. பழையதில் வலப்பக்கப் பட்டனை அமுக்கினால் மேல்தட்டு ஏறும். இடப்பக்கத்தை அமுக்கினால் இறங்கும். மூடிய ஏதோ கம்பெனியிலிருந்து வாங்கி வந்த இன்னொன்றில் எல்லாம் தலைகீழ். வலது இறக்கும், இடது ஏற்றும். வயரை மாற்றிக் கொடுக்க எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் போதும். அந்த அரை நாள் பிரஸ் நிற்க வேண்டுமே என்று விட்டுவிட்டார்கள். கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புக் கம்பியையும் வேகம் குறைகிறது என்று கழற்றிப் போட்டிருந்தார்கள்.

அனுசுயா பட்டன் அருகில் நிற்பாள். சாவித்திரி தகட்டை உள்ளே தள்ளி எடுப்பாள். ஆறு வருடமாக அதே ஜோடி. மதியச் சோற்றைக்கூடப் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவார்கள்.

ஆள் குறைப்புக்குப் பிறகு இரண்டு பிரஸ்ஸையும் இவர்களே மணிக்கொரு முறை மாறி மாறி ஓட்ட வேண்டியதாயிற்று. மாறிய பிறகு முதல் நாலைந்து தகட்டில்தான் அனுசுயாவுக்குக் கை தவறும். தவறியதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரல் பட்டனில் அழுந்தும்போதே நெஞ்சில் சுருக்கென்று குத்தும். அதற்குள் விரல் தன் வேலையை முடித்திருக்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒவ்வொரு தகட்டுக்கும் யோசித்து யோசித்து அமுக்குவாள்.

சூப்பர்வைசர் ஜெகதீஷ் அந்த யோசனையைச் செல்போனில் வினாடி வைத்து அளந்தான். கேன்டீன் வாசல் போர்டில் தினமும் எழுதினான்: ‘இன்றைய ஆமை, அனுசுயா.’

“சார், மிஷின் மாறுனதும் ரெண்டு நிமிசம் சும்மா ஏத்தி எறக்கிப் பாத்துக்குறேன். கை பழகிரும்” என்று அவள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“மாத்த வேண்டியது மிஷினை இல்ல, உன் மூளையை” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சாவித்திரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாடு முடிந்து, தலைகீழாக இருந்த அந்த இரண்டாவது பிரஸ்ஸுக்கு மாறி இரண்டு தகடுகூட ஆகவில்லை. தகடு கோணிக்கொண்டதால் தட்டு பாதியில் சிக்கி நின்றது. சாவித்திரி கையை உள்ளே விட்டு நிமிர்த்தியபடி, “தூக்குடி” என்றாள்.

அனுசுயா வலது பட்டனைத் தொட்டாள்.

தொட்டதுமே தெரிந்துவிட்டது. கத்த வாயைத் திறந்தாள். கத்தல் வெளியே வருமுன் தட்டு இறங்கிவிட்டது. சாவித்திரியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

நான்காம் நாள் மேனேஜர் ஜானகிராமன் அனுசுயாவை அறைக்குக் கூப்பிட்டு, கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். படத்தில் அவள் கண்கள் விரிந்திருந்தன, வாய் திறந்திருந்தது, விரல் பட்டன் மேல் இருந்தது.

“தட்டு இன்னும் எறங்கல. ஆனா உன் முகத்தைப் பாரு. தப்புன்னு அப்பவே உனக்குத் தெரியுது.”

“தெரிஞ்சிது சார். ஆனா கை முன்னாடியே பூட்சி. தொட்டாலே அது எறங்கிடும், நிக்காது.”

“அதுவும் தெரிஞ்சேதான் தொட்டிருக்க.”

அந்தப் படத்தை ஜெகதீஷ் செல்போனில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த சாவித்திரியிடம் காட்டினான். கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொன்னான். அனுசுயா வேண்டுமென்றே செய்தாள் என்று எழுதியிருந்த காகிதத்தில் சாவித்திரி இடது கட்டைவிரலை வைத்தாள். அனுசுயாவை அன்று மாலையே வெளியே அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து அனுசுயா காட்டுப்பாக்கத்தில் சாவித்திரி வீட்டுக்குப் போனாள். சாவித்திரி வாசலிலேயே நிறுத்தினாள்.

“கேட் வேலைக்காவ கைநாட்டு வெச்சன்னு நெனச்சிகினு வந்தியா? இல்லடி. அந்த போட்டோவ நான் நூறு வாட்டி பாத்துட்டேன். உனக்குத் தெரிஞ்சிகீது. தெரிஞ்சப்புறம் கை ஏன் நிக்கல?”

“தெரியறதுக்கும் நிக்கறதுக்கும் நடுவுல நேரமே இல்லக்கா.”

“என் வெரலு போறதுக்கு மட்டும் நேரம் இருந்திச்சா?”

அனுசுயா படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

“எனக்கு இன்னா கோவம் தெரியுமா? அன்னிக்கு அந்த ஜெகதீஷ் உன் மூளைய மாத்தணும்னு சொன்னப்போ நானும் சிரிச்சேன். அதை மனசுல வெச்சிகினு தானே செஞ்ச?”

“ஐயோ, இல்லக்கா!”

சாவித்திரி முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

இப்போது அனுசுயா வேலப்பன்சாவடியில் அட்டைப் பெட்டி மடிக்கிறாள். அங்கே பட்டன் எதுவும் இல்லை. அன்றைக்குப் பட்டனைத் தொட்டபோது சாவித்திரி சிரித்தது தன் மனதில் இருந்ததா என்று பெட்டி மடிக்கும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். முதலில் சில மாதங்கள், இல்லை என்று உடனே பதில் வந்தது. இப்போது உடனே வருவதில்லை.