தண்ணீர் லாரிக்காக வெட்டிய வழி

கரையில் இருந்த வெட்டை அடைக்க நான் போனது அது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு தடவையும் புல்டோசரால் மண்ணைத் தள்ளி மூடுவேன். ஒரு வாரத்துக்குள் கரைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் மண்வெட்டியோடு வந்து திறந்துவிடுவார்கள். யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. காய்ந்த ஓடைக்குள் வீடு கட்டிக்கொண்டவர்களுக்குக் குழாய் கிடையாது. வாரம் இரண்டு முறை வரும் தண்ணீர் லாரிக்கு அந்த வெட்டை விட்டால் வேறு வழி இல்லை. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரையைத் தண்ணீருக்காகவே வெட்டுகிறவர்கள் பாலைவன ஊரான எங்கள் கோப்பியாப்போவில்தான் இருப்பார்கள்.

மலையில் மழை பிடித்துவிட்டது, சாயங்காலத்துக்குள் ஓடையில் வெள்ளம் இறங்கலாம், உடனே மூடு என்று காலையில் அலுவலகத்தில் சொன்னார்கள். இதே மாதிரி நாலு தடவை சொல்லி ஒரு சொட்டும் வந்ததில்லை. தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. எதெல்மிரா அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். ரொட்டி சுட்டு விற்பவர். குடியிருப்புக்கு அவர் பேச்சுதான் பேச்சு. வெட்டை ஒட்டிய முதல் வீடு அவருடையது. மகளைக் கரைக்கு இந்தப் பக்கம், ஊருக்குள் இரண்டாவது தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்.

மூன்று நாளாகத் தொட்டிகள் காலி, கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார்.

"லாரி நாலு மணிக்கு வருது தம்பி. வந்துட்டுப் போகட்டும். அப்புறம் அந்த மலையவே பேத்து வச்சு மூடு, யாரு கேக்கப்போறா?"

இன்ஜினை நிறுத்தினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. சூடாக ரொட்டி கொடுத்தார், தின்றேன்.

லாரி ஐந்தேகாலுக்குத்தான் வந்தது. மூன்றாவது தொட்டி நிரம்பும்போது ஓடையின் மேற்பக்கத்திலிருந்து ஈரமண் வாசனை அடித்தது. எதெல்மிரா அக்காவின் முகம் மாறியது. குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் லாரியில் ஏற்றி அனுப்பினார். மற்றவர்கள் கரைமேல் ஏறி ஊர்ப்பக்கம் இறங்கி ஓடினார்கள். மேலே கற்கள் உருளும் சத்தம் கேட்டபோதுதான் நான் முதல் மண்ணைத் தள்ளினேன்.

நண்பகலிலேயே மூடியிருந்தால் நாலு தடவை ஏறி இறங்கி மண்ணை இறுக்கியிருப்பேன். இப்போது பொலபொலவென்று கிடந்தது. வெள்ளம் சேற்றுக் குழம்பாக வந்து கரையில் முட்டி, பக்கத்துக் கால்வாய்ப் பக்கம் திரும்பியது. வண்டி எட்டாத ஓரத்தில் மட்டும் கசிந்து ஊர்ப்பக்கம் வழிந்தது. எதெல்மிரா அக்கா எல்லோரோடும் இறங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் அந்த ஓரத்தில் நின்று மண்வெட்டியால் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் வீட்டுச் சமையலறைச் சுவர் அப்படியே படுத்தது. அடுப்பும் தகரக்கூரையும் ஒன்றாகப் போயின. இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"அக்கா, உங்க வீடு..."

"தெரியும்." அவர் திரும்பவில்லை. "இந்தப் பக்கம் இன்னும் ஒழுகுது. இங்க தள்ளு."

தள்ளினேன். விழுந்த மண்மேல் ஏறி நின்று, இரண்டு காலாலும் அதை மிதித்து இறுக்கத் தொடங்கினார்.