சாமி அலமாரிக்குப் பின்னால் ஓர் ஆறு

ரவாங் நகரத்தில் மூன்றாம் மாடி வீட்டுக்குள் ஆற்றுச் சேறு எப்படி வரும்? லிஃப்டில் ஏறி வராது. அது வேலை செய்தே நாலு மாதம் ஆகிறது. ஆனாலும் சாமி அலமாரிக்கு முன்னால், வெள்ளைத் தரையில், சாம்பல் நிறச் சேறு அப்பிக் கிடந்தது. சின்னச் சின்னப் பாதத் தடங்கள்.

ரூபினி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால்கள். ஆச்சரியப்படவும் தெம்பு வேண்டுமே, அதற்கு எங்கே போவாள்? அவளுக்கு வந்தது பயம். அந்தச் சேற்றை அவளுக்குத் தெரியும்.

கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில், அவளுடைய அப்பா தங்கராஜு குடித்துவிட்டு வந்தால் பெல்ட் கைக்கு ஏறிவிடும். பெண்டாட்டி, பிள்ளை என்று பார்க்கமாட்டார். ஆனால் அந்த மனிதருக்கும் ஒரு நியமம் இருந்தது. குடித்த வாயோடு சாமி விளக்குக்கு முன்னால் வரமாட்டார். தள்ளி நின்றுதான் கத்துவார். அதனால் சாமிப் படங்கள் வைத்த அலமாரியின் கீழ்த்தட்டில், எண்ணெய்ப் போத்தலுக்கும் சூடப் பெட்டிக்கும் நடுவில், ஏழு வயது ரூபினி போய் ஒடுங்கிக்கொள்வாள். ஒருநாள் முதுகை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். அங்கே பலகை இல்லை.

அந்தப் பக்கம் ஓர் ஆறு இருந்தது. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க ஜனங்கள் படகேறும் ஆறு மாதிரிதான், ஆனால் ஜனங்களும் இல்லை, சத்தமும் இல்லை. கல்லைத் தூக்கிப் போட்டாலும் தண்ணீர் சத்தம் போடாது. ஆளுக்கொரு சின்னப் படகில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கன்னம் வீங்கியிருந்தால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த மரியாதை அங்கே இருந்தது. திரும்பி வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குரல் வராது. வீட்டில் கத்தல் ஓயாதவரை படகு கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். ரொம்ப தூரம் போன பிள்ளைகளும் உண்டு. அவர்கள் திரும்பி வந்து ரூபினி பார்த்ததில்லை.

பிறகு தோட்டத்தை விற்றார்கள், அப்பா செத்தார், அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சாமி அலமாரியை யாராவது குப்பையில் போடுவார்களா? லோரியில் ஏறி அதுவும் ரவாங்குக்கு வந்தது.

எட்டு வயது மகள் தனுஜா ஒரு மாதமாகச் சாயங்காலங்களில் வாய் திறப்பதில்லை. பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டது என்று ரூபினி அவளை ராசா என்ற ஊரில் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போய், திருநீறு போட்டு, கையில் கறுப்புக் கயிறும் கட்டிக் கூட்டிவந்தாள். குரல் போன காரணம் அவளுக்குத் தெரியாதா? தெரியாததுபோல் இருப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். பயந்த பிள்ளைக்குத்தான் அந்தப் பலகை விலகும். யாரைக் கண்டு பயம்?

கணவன் தேவன் சமையலறையிலிருந்து மகளுக்குக் கலக்கிய மைலோவோடு வந்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன்; வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். பழி போட ரூபினிக்கு வேறு ஆளைத் தேடத் தோன்றவில்லை. ஆம்பளை, அதிலும் அப்பன். போதாதா?

"பாப்பாவ என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்?"

"அடிச்சீங்களா? எம்புள்ள மேல கைய வச்சீங்களா? சொல்லுங்க!"

"மெதுவா பேசு லா, ரூபி. பாப்பா இங்கதான்..."

"என்னா மெதுவா? எங்கப்பன்கிட்ட நான் பட்டது பத்தாதா? நாள் பூரா நின்னு செத்து வரேன், வீட்டுக்கு வந்தா இந்தக் கூத்து!" கைப்பை பறந்துபோய்ச் சுவரில் அடித்தது.

தேவன் அலமாரியைக் காட்டினான். அதன் கீழ்க்கதவு அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை, சத்தம் வராமல், பார்த்துப் பார்த்துச் சாத்தியது.

"நான் இருக்குற நாள்லாம் இப்படித்தான்," என்றான். "நீ கீழ கேட் தெறக்குற சத்தம் கேட்டாலே உள்ள போய் உக்காந்துக்குது. சொன்னா அதுக்கும் கத்துவ. அதான் சொல்லல."

ரூபினி கதவைத் திறந்தாள். போத்தல், பெட்டி, பலகை எல்லாம் இருந்தன; பிள்ளை இல்லை. பலகையைத் தள்ளினாள். பெரியவர்களுக்கு அது விலகாது. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தவள் பயந்து மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் படகு இன்னும் தள்ளிப் போகும். நான் அடித்ததில்லையே, ஒரு நாள்கூட அடித்ததில்லையே என்று மனது வக்காலத்து வாங்கப் பார்த்தது. வெட்கமாக இருந்தது.

தரையில் உட்கார்ந்தாள். தேவன் டிவியை அணைத்தான், காற்றாடியையும் நிறுத்தினான். கால் வலித்தது, இடுப்பு விட்டுப்போயிற்று. கீழ் வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. அழுகை வந்தது, சத்தமில்லாமல் அழுவது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். பிள்ளை வராமலே போய்விட்டால்?

ஒன்பதரைக்குக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது, பிறகு முழுசாக. தனுஜாவுக்கு இந்த முறை இடுப்புவரை சேறு.

ரூபினி கையை நீட்டினாள். பிள்ளை வரவில்லை. முதலில் அம்மாவின் கண்ணைப் பார்த்தது, பிறகு உதட்டை, பிறகு இரண்டு கைகளையும். ஓட இடமிருக்கிறதா என்று கடைசியாக வாசலைப் பார்த்தது. ரூபினிக்கு அந்தப் பார்வையின் ஒவ்வொரு நிறுத்தமும் தெரியும். எதிரே உட்கார்ந்து அதை வாங்குவது இதுதான் முதல் தடவை.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். எழுந்திருக்காமல், தரையிலேயே பின்னால் நகர்ந்து வழிவிட்டாள். தனுஜா சுவரோரமாக ஒட்டி நடந்து, அம்மாவைத் தாண்டி, அப்பாவிடம் போனாள்.