சம்மட்டிக் காம்புக் குச்சிகள்

தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. நேற்று முழுக்கக் கல் சுமந்த வலி. கையைத் தூக்க முடியாமல் தூக்கி, புருஷனின் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டான்.

குவாரியிலிருந்து மேஸ்திரியும் ஆட்களும் வந்திருந்தார்கள். கட்டிலை முன்னறைக்கு நகர்த்த இடம் வேண்டும். ஜன்னலோரம் முக்காலிமேல் இருந்த திண்டை மேஸ்திரி ஒரு கையால் தூக்கினார். அதிலிருந்து நூலில் தொங்கிய குச்சிகள் சடசடவென்று ஒருபக்கமாகச் சரிந்தன.

"அண்ணே! சாய்க்காதீங்க!"

அதுவரை வாய் திறக்காதவள் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றார்.

"தலகாணிதானே, தங்கச்சி?"

"லேஸ் பின்னுற திண்டுண்ணே. குச்சி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிட்டா எது எங்க போகணும்னு அவருக்குத்தான் தெரியும்."

ஓடிப்போய்த் திண்டுக்கடியில் கைகொடுத்தாள். லேசைத் திண்டோடு குத்தியிருந்த குண்டூசிகள் நகரவில்லை. குச்சிகளில் பாதி மட்டும் நூலோடு சிக்கிக் கிடந்தன.

பாறை உருண்டு அவன் கால் போனபிறகு குவாரிக்குக் கல் சுமக்க அவள் போனாள். அவன் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டான். "மீசை வச்ச மணப்பொண்ணு" என்று குவாரியே சிரித்தது. உடைந்த சம்மட்டிக் காம்புகளை அவள் பொறுக்கிவந்து போட, அவன் நூல் சுற்றும் குச்சிகளாகச் செதுக்கினான். வேலைவிட்டு வரும்போது அவை மோதும் டிக்டிக் சத்தம் தெருமுனைவரை கேட்கும். அடுப்பு எரிகிறதா என்று அவள் பார்ப்பதற்குமுன் காது அதைத்தான் தேடும்.

பின்னியதெல்லாம் கடைக்குப் போயிற்று. திண்டில் பாதியில் நிற்கும் இந்தக் கழுத்து லேஸ் ஒன்றுதான் அவளுக்கு. போன மாதம் அவள் கழுத்தை நூலால் அளந்தவன், "ஒட்டகமாடி நீ, நூலு பத்தல" என்றான்.

மேஸ்திரி குனிந்து ஒரு குச்சியைப் பார்த்தார். அதில் அவர் தன் சம்மட்டிக் காம்புக்குச் சூடுபோட்ட அடையாளம் இருந்தது.

"இது என் சம்மட்டி ஆச்சே!"

"உங்களுதுதான். மத்ததவிட கனமாம். நூல நல்லா இழுத்துப் பிடிக்கும்னு ஓரத்துல போடுவாரு."

அவர் மூக்கை உறிஞ்சினார். ஆசாரி சவப்பெட்டியோடு வாசலில் நின்றான்.

"அவன் கைப்பட்டது. கூடவே வச்சு அனுப்பிடலாமா, தங்கச்சி?"

"வேணாண்ணே. இது என்னோடது."

அவனை வைத்து மூடிய பெட்டி வெளியே போயிற்று. தண்ணீர் நிறைந்த தட்டைப் பிடிப்பதுபோல் திண்டை ஏந்தியபடி அவள் சுவரோரம் ஒதுங்கினாள். பின்னி முடித்த லேசை ஒரு விரலால் கழுத்துவரை உயர்த்திப் பார்த்தாள். பிடரிக்கு எட்டவில்லை.

ஒரு சாண் லேஸ், அவன் அவளுக்குப் பாக்கி.