துப்பாக்கி வீட்டுக்காரர் ரசீது கேட்டது

தேர்தல் தேதி அறிவித்த மூன்றாம் நாள், வேல்பாண்டி தம் குடும்ப கௌரவத்தைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்.

அது அவருடைய தாத்தா சுருளியாண்டி பர்மாச் சண்டையிலிருந்து கொண்டுவந்த ராணுவத் துப்பாக்கி. எட்டுப் பேரைச் சாய்த்தது. அப்பா காலத்தில் அது மூன்று பேராக இருந்தது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாலை போட்டு வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'துப்பாக்கி வீடு' என்று போட்டுக்கொள்வதும், கோயில் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலியும் அந்தப் பெட்டி தந்தவை. போன மாதம் கம்பத்து யூடியூப்காரன் ஒருவன் வந்து விலை கேட்டபோது, பத்து லட்சத்துக்குக் கேட்டார்கள், கொடுக்க மனசில்லை என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அப்படி யாரும் கேட்டதில்லை.

அந்த வீடியோவை இன்ஸ்பெக்டர் முனீஸ்வரியும் பார்த்துவிட்டார். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு தேர்தலுக்கும் செய்வதுதான். வேல்பாண்டியிடமோ லைசென்ஸே இல்லை. ராணுவத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டாலும் கிடைக்காது, ஜெயில்தான் கிடைக்கும் என்று போனில் விளக்கிய இன்ஸ்பெக்டர், பொருளோடு வரச் சொல்லியிருந்தார்.

வேல்பாண்டி நேரே உத்தமபாளையம் போய் அஸ்லமைப் பிடித்தார். பழைய கடிகாரம், கிராமபோன், சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வாள், துப்பாக்கி எல்லாம் அஸ்லமின் தொழில். அவர் விலை சொன்னால் மறுபேச்சு இல்லை.

"பாய், இன்ஸ்பெக்டர்கிட்ட ஐநூறு ரூவாகூடப் பெறாதுன்னு சொல்லிருங்க. பொம்மைன்னு சொன்னாக்கூடச் சரி," என்று ஆட்டோவில் காதோடு கெஞ்சினார்.

"நியாயமான வெல எதுவோ அதத்தாண்ணே சொல்லுவேன்," என்றார் அஸ்லம்.

ஸ்டேஷன் வராண்டாவில் திராட்சைத் தோட்டத்துச் செல்லப்பாண்டியும் இன்னும் ஐந்து பேரும் தங்கள் துப்பாக்கிகளோடு வரிசையில் நின்றார்கள். போர்வையைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"பத்து லட்சம் வருது, தள்ளுங்கப்பா," என்றார் செல்லப்பாண்டி.

உள்ளே அஸ்லம் மேசையில் போர்வையை விரித்தார். கட்டையைத் தட்டினார், பின்பக்க இரும்பைக் கழற்றினார். உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசி இல்லை. பிறகு மேசையிலிருந்த பென்சிலை எடுத்துக் குழாயின் அடிப்பக்கத்தில் குறுக்காக இருந்த ஓட்டைக்குள் நுழைத்தார். இந்தப் பக்கம் போன பென்சில் அந்தப் பக்கம் வந்தது. கடைசியாகக் கட்டையின் அடியில் எண்ணெய் அழுக்கைத் துடைத்தார். வெள்ளைப் பெயின்டில் பதினேழு என்று நம்பர் தெரிந்தது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அணிவகுப்புப் பழகுவதற்காக ஓட்டை போட்டுச் சாகடித்த துப்பாக்கி அது என்றார் அஸ்லம். பிறகு ஏலத்தில் கட்டுக்கட்டாகப் போனவற்றில் ஒன்று. மரமும் இரும்புமாக எண்ணூறு ரூபாய் பெறும்.

இன்ஸ்பெக்டர் படம் எடுத்து மாவட்ட ஆயுதப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்தும் அதையே சொன்னார்கள்.

வேல்பாண்டிக்கு உயிர் திரும்பியது. கூடவே கோபமும் வந்தது.

"எண்ணூறா?"

"நீங்கதாண்ணே ஐநூறுக்குள்ள கேட்டீக. முந்நூறு கூடத்தான் சொல்லிருக்கேன்."

வேல்பாண்டி குரலைத் தாழ்த்தி ஓர் ஐயாயிரமாவது போடச் சொன்னார். அஸ்லம் தலையாட்டவில்லை. பழமைக்காக இரண்டாயிரம் சேர்க்கலாமே என்றார் வேல்பாண்டி. பர்மாவுக்காக ஒரு ஆயிரம்? பேச்சின் வேகத்தில் குரல் உயர்ந்து, "எட்டுப் பேரச் சாச்ச துப்பாக்கி மேடம் இது," என்று வந்துவிட்டது.

முனீஸ்வரி பேனாவைத் திறந்தார். "எட்டுப் பேரா? எழுதிக்கவா?"

வேல்பாண்டி எண்ணூறுக்குக் கையெழுத்துப் போட்டார். 'சுடும் தகுதியற்ற மரக்கட்டை, மதிப்பு ரூபாய் எண்ணூறு' என்று அவர் கையாலேயே எழுத வேண்டியிருந்தது.

"சரி, எடுத்துட்டுக் கெளம்புங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் வேல்பாண்டிக்கு வராண்டா ஞாபகம் வந்தது. துப்பாக்கி வைத்திருப்பவன் உள்ளே தூக்கிக்கொண்டு வருவான், ரசீதோடு வெறுங்கையாய்ப் போவான். தூக்கிக்கொண்டே திரும்புகிறவனிடம் இருப்பது என்னவென்று வெளியே நிற்கும் ஆறு பேருக்கும் தெரியும்.

"மேடம், தேர்தல் முடியிற மட்டும் இது இங்கனயே கெடக்கட்டுமே. ஒரே ஒரு ரசீது குடுங்க, போதும்."

"துப்பாக்கிக்குத்தான் ரசீது. கட்டைக்கெல்லாம் கெடையாது."

சும்மாவே எடுத்துக்கொள்ளும்படி அஸ்லமிடம் நீட்டினார்.

"நான் வெலதாண்ணே சொன்னேன். வாங்குறேன்னு சொல்லலையே," என்று அஸ்லம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பின்வாசல் உண்டா என்று கேட்டார் வேல்பாண்டி. பின்னால் இருப்பது லாக்கப் என்றார் இன்ஸ்பெக்டர். வேல்பாண்டி அந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு போர்வைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"செத்த நேரம் உள்ளயே இருந்துட்டுப் போறேன் மேடம்."

"வரும்போது, ஆள விட்டாப் போதும்னு வந்தீங்க. இப்ப போகச் சொன்னா உக்காந்துட்டீங்க?"

ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து அறையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்த ஆறு பேரும் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கிளம்பவில்லை. செல்லப்பாண்டி எதிர்க்கடையைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏழு டீ போடப்பா. உள்ள அண்ணன் இருக்காக, வரட்டும்."