மாப்பிள்ளை ஊர்க் கோட்டை

மகள் சிவகௌரி விரும்பிய ஐரிஷ்காரப் பையனின் குலம் கோத்திரம் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று, தொண்ணூறாம் ஆண்டு கோடையில் பாலேந்திரா அவளையும் கூட்டிக்கொண்டு லண்டனிலிருந்து அயர்லாந்துக்கே போய்விட்டார். பையனின் தகப்பன் அவர்களைக் காட்டுப் பாதையால் நடத்திச்சென்று, பாசி படர்ந்த பழைய கோட்டையொன்றைக் காட்டினார். பாலேந்திராவின் நெஞ்சு நிமிர்ந்தது.

“உங்கள் முன்னோர் கட்டியதோ?”

“இல்லை. எங்கள் ஆட்கள் இங்கிருந்து மாடு திருடியவர்கள்!” என்று அவர் பெருமையோடு சிரித்தார்.

மகளின் முகம் வெளிறியது. பாலேந்திரா தொண்டையைச் செருமினார்.

“பிடிபட்டார்களா?”

“ஒருநாளும் இல்லை!”

பாலேந்திராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, கலியாணத்துக்கு நாள் பாப்பம். விம்பிள்டன் கோயிலிலை ஆரும் கேட்டால், மாப்பிள்ளையின்ரை ஊரிலை கோட்டை இருக்கெண்டு மட்டும் சொல்லு. பொய்யில்லைத்தானே?”